வண்டிக்கு ஆள் பார்த்த முப்பத்தைந்து நாள்

ஜூன் 3, திங்கள்
கிலோமீட்டர்: 61,402

இது வண்டியின் நோட்டு. இருபத்தேழு வருடமாக, வருடத்துக்கொரு நோட்டுப் போட்டு, ஓடிய தூரம், ஊற்றிய ஆயில், மாற்றிய பிளக் எல்லாவற்றையும் எழுதி வருகிறேன். என் சொந்தக் கதை எழுதுவதற்கு இதில் இடமில்லை. ஆனால் இன்று ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், அது வண்டியைப் பற்றியது என்பதால் எழுதத்தான் வேண்டும். வண்டியை விற்கப் போகிறேன்.

காரணமென்று பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு அறுபது நெருங்குகிறது. வண்டி தண்ணீர் மாதிரி பெட்ரோல் குடிக்கிறது. காலையில் கண் டாக்டரிடம் போயிருந்தேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த அம்மா ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, மினுக் மினுக்கென்று புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். தெரிந்தபோதெல்லாம் அமுக்கினேன். கடைசியில் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "கார் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். ஓட்டுவேன் என்றேன். "இனிமேல் வேண்டாம்" என்றார். டாக்டர்கள் என்றால் எதையாவது வேண்டாம் என்று சொல்லித்தானே ஆக வேண்டும்!

என் மனைவி கோகிலவாணியிடம் விஷயத்தைச் சொன்னேன். வண்டி விஷயத்தை மட்டும்தான். கிரைண்டரில் மாவு ஆடிக்கொண்டிருந்தது. "உங்க வண்டி, உங்க இஷ்டமுங்க" என்றாள். டெலிபோன் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், பேச்சை எந்த இடத்தில் துண்டிக்க வேண்டுமென்று அவளுக்குத் தெரியும்.

ஜூன் 5, புதன்
கி.மீ.: 61,402

நான் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து அதற்குள் நான்கு பேர் போன் செய்துவிட்டார்கள். நாலு பேரும் கேட்ட முதல் கேள்வி, மைலேஜ் எவ்வளவு? நாலு பேரிடமும் அங்கேயே போனை வைத்துவிட்டேன்.

எண்பத்து மூன்றாம் வருட மாஸ்டா ஆர்.எக்ஸ். செவன். குங்கும நிறம். விளக்கைப் போட்டால் முகப்பிலிருந்து இரண்டு கண்ணும் எழுந்து முழிக்கும். மற்ற கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவத்தில் இரண்டு சுழலி, அவ்வளவுதான். கிரைண்டர் கல் மாதிரி ஓர் உறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்த வழுவழுப்பு. கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்து முப்பத்தைந்து வருடமாக உலகத்தில் உள்ள பாதி எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தவன் சொல்கிறேன், இப்படி ஒரு அழகு இல்லை.

அழகு இருந்தால் அலும்பும் இருக்கும். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஸ்கூட்டர் மாதிரி டூ-டி ஆயில் கலக்க வேண்டும். அதைவிட முக்கியம், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் சூடேறும் வரை அணைக்கவே கூடாது. ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே ஆஃப் செய்தால் தொலைந்தது. உள்ளே பெட்ரோல் தேங்கி, பிளக் நனைந்து, அப்புறம் எத்தனை முறை சாவியைத் திருகினாலும் "கிர்ர்" என்று அழுமே தவிர எழாது. இந்த எஞ்சின்காரர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடமான முதல் பாடம் அது.

இன்னொன்று, ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் இது செத்துப்போகும். அதனால்தான் விற்கிறேன். நிறுத்தி வைத்து அழகு பார்ப்பவன் கையில் கொடுக்க மாட்டேன், ஓட்டத் தெரிந்த கை வேண்டும். ஜூலை ஏழாம் தேதிக்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும். அன்றைக்குத்தான் இதே வண்டி வைத்திருக்கும் எங்கள் வாட்ஸப் குழுவின் ஐந்து வண்டிகளும் வருடா வருடம் குன்னூரில் கூடும். புது ஆள் அங்கே வண்டியோடு போய் நிற்கட்டும்.

வருகிறவர்களைப் பரீட்சை பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். சாவியைக் கையில் கொடுத்து, "வண்டிய அந்த வேப்பமரத்து நெழலுக்கு நகர்த்திடுங்களேன்" என்று சாதாரணமாகச் சொல்லுவேன். மரம் பன்னிரண்டு அடி தூரம். ஸ்டார்ட் செய்து, நகர்த்தி, ஆஃப் செய்கிறவன் தோற்றான்.

ஜூன் 8, சனி
கி.மீ.: 61,409

நேற்றுவரை 61,402. தினமும் போர்ட்டிகோவில் நிறுத்தியபடியே கால் மணி நேரம் ஓட விட்டு அணைக்கிறேன், வண்டி ஓரடி நகரவில்லை. இரண்டை ஒன்பது என்று படித்திருக்கிறேன், இல்லாவிட்டால் ஒன்பதை இரண்டு என்று. மீட்டர் கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

காலை நடைப்பயிற்சி முடிந்து ரேஸ்கோர்ஸிலிருந்து வந்து உட்கார்ந்தால், முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. சீட் தானாக முன்னால் நகர்ந்திருக்கிறது. அடியில் உள்ள கொக்கி தேய்ந்துவிட்டது போல.

ஜூன் 9, ஞாயிறு

முதல் ஆள் வந்தார். அவிநாசி ரோட்டில் பிரியாணிக் கடை. கழுத்துச் சங்கிலியின் கனத்தில் சற்றே குனிந்து நடந்தார். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "சூப்பருங்க, கடை வாசல்ல நிறுத்தி சீரியல் லைட்டு போட்டம்னா சும்மா தகதகன்னு இருக்கும்" என்றார்.

சாவியைக் கொடுத்தேன். புர்ரென்று கிளப்பினார், மரத்தடிக்குக் கொண்டுபோனார், டக்கென்று ஆஃப் செய்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வெற்றிலை பாக்குக் கொடுக்காத குறையாக அனுப்பி வைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

எதிர்பார்த்தபடி வண்டி எழவில்லை. உக்கடத்திலிருந்து ஜமால் பாயை வரவழைத்தேன். இந்த எஞ்சினைத் தொட நான் அனுமதித்திருக்கும் ஒரே மெக்கானிக். நாலு பிளக்கையும் கழற்றி, துடைத்து, உள்ளே ஒரு கரண்டி ஆயில் விட்டு, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துச் சுற்ற விட்டு, இரண்டு மணி நேரம் போராடினோம்.

"ஏனுங்ணா, தோக்கறது அவங்க, கஷ்டப்படறது நம்மளா? பரீட்சைய மாத்துங்ணா" என்றார் ஜமால்.

கோகிலா எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபத்தேழு வருடத்தில் பானெட்டுக்குள் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்த்தவள் இல்லை. வெயில் இதமாக இருந்தது போலிருக்கிறது.

ஜூன் 13, வியாழன்
கி.மீ.: 61,423

மீட்டர் கெட்டுவிட்டது. நின்ற இடத்தில் ஓடுகிறது.

ஜூன் 16, ஞாயிறு

இரண்டாவது ஆள், பெங்களூரிலிருந்து. மரியாதையான பையன்தான், சாஃப்ட்வேரில் நல்ல உத்தியோகம். காலில் விழுந்து கும்பிட்டான், எனக்கு மனசு இளகிவிட்டது. பிறகு பானெட்டைத் திறந்து கையால் ஜாண் போட்டு அளந்தான்.

"அங்கிள், இந்த எஞ்சினை எடுத்துட்டு வேற நார்மல் எஞ்சின் போட்டா இடம் பத்துமா?"

சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். பரீட்சையே கிடையாது, ஹாலுக்குள்ளேயே விடவில்லை! "தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். "நான் கார்லதான் வந்திருக்கேன் அங்கிள்" என்றான். "அப்ப காருக்கு நேரமாச்சு" என்றேன்.

கோகிலா அவனுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தாள். அவன் போனபின் அந்தக் காப்பியை என் முன்னால் வைத்து, "ரண்டாவது மாப்பிள்ளையும் ஓடிட்டாரா?" என்றாள். பெண்ணைக் கட்டிக் கொடுக்க மனசில்லாத அப்பன் மாதிரி செய்கிறேனாம். அவளுக்கு என்ன தெரியும்? தகுதியான ஆள் வந்தால் அந்த நிமிஷமே கொடுத்துவிடுவேன்.

ஜூன் 20, வியாழன்

டாக்டர் ஓட்ட வேண்டாமென்று சொன்னது ஊர் சுற்றுவதைத்தான். தெருமுனை வரை போய் வருவதையா சொல்லியிருப்பார்? மாலை நாலு மணிக்குக் கிளப்பினேன். நன்றாகச் சூடேற்றி, மெதுவாகத்தான் வெளியே எடுத்தேன்.

இடது பக்கக் கேட் தூண் வண்டியில் உரசிவிட்டது. கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. கேட்டைச் சரியாகத் திறந்து வைக்காத தோஷம். நான் திறந்ததுதான், இருந்தாலும் காற்றில் நகர்ந்திருக்கும். இது சாரல் காற்றடிக்கும் மாசம்.

கோகிலா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கவனிக்கவேயில்லை. "ஏனுங்" என்று குரல் கொடுத்தபிறகுதான் அங்கே நிற்பது தெரிந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். இன்று அதற்குமேல் வண்டிப் பக்கமே போகவில்லை. கோடு விழுந்ததற்காகத்தான்.

ஜூன் 23, ஞாயிறு

மூன்றாவது ஆள்: டாக்டர் ரேணுகாதேவி, சத்தியமங்கலத்தில் கால்நடை மருத்துவர், நாற்பது வயதிருக்கும். எங்கள் குழுவில் நாலு வருடமாக இருக்கிறார், வண்டி இல்லாத ஒரே உறுப்பினர். நாங்கள் போடுகிற ஒவ்வொரு போட்டோவுக்கும் கேள்வி கேட்டுக் கேட்டுத் துளைத்தெடுப்பார். நேரில் பார்த்தது இன்றுதான்.

முதலில் வண்டியின் பின்னால் போய்க் குனிந்து சைலன்சரை முகர்ந்து பார்த்தார். "டூ-டி கலக்கறீங், நல்லது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாவியைக் கொடுத்து என் வசனத்தைச் சொன்னேன். அந்த அம்மா சாவியை வாங்கவே இல்லை. பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மாட்டுக்குக் காய்ச்சல் பார்த்துப் பழகிய கை.

"வண்டி சில்லுனு இருக்குதுங்களே. பன்னெண்டடிக்கு எதுக்குங்க ஸ்டார்ட் பண்ணோணும்? வாங்க, தள்ளிக்கலாம்."

ஸ்டீயரிங்கை நான் பிடித்துக்கொள்ள, அவரே பின்னாலிருந்து தள்ளி நிழலில் கொண்டுபோய் நிறுத்தினார். நூற்றுக்கு நூறு. குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று அரை மணி நேரம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஜூலை ஆறாம் தேதி வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கண் கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

வண்டிக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது. ரொம்ப சந்தோஷம்.

ஜூன் 24, திங்கள்

சாப்பாடு இறங்கவில்லை. வாயுத் தொல்லை.

ஜூன் 28, வெள்ளி
கி.மீ.: 61,471

பிளக் பார்க்க ஜமால் வந்தார். குனிந்து வேலை செய்துகொண்டே, "அக்கா தேர்டுல இருந்து செகண்டுக்கு எறக்கறப்ப கொஞ்சம் அவசரப்படறாங்ணா, அதுதான்..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எந்த அக்கா?" என்றேன்.

"என்ற அக்காங்ணா. உக்கடத்து அக்கா. அவங்க ஆட்டோ ஓட்டறாங்ணா."

ஜமாலுக்கு அக்கா இருப்பதே எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. பெரிய மனுஷி, இந்த வயதில் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறார். வீட்டுக்கு ஒருநாள் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

மேஜையில் இடது கைப்பக்கம் வைத்திருந்த டம்ளரைத் தட்டிவிட்டேன். இந்த வாரத்தில் மூன்றாவது. இப்போதெல்லாம் கோகிலா எல்லாவற்றையும் எனக்கு நேர் எதிரே வைக்கிறாள். கேட்காமலே வைக்கிறாள்.

யோகா வகுப்புக்குத் தினமும் காலை ஐந்தே முக்காலுக்குப் போகிறாளாம். முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருப்பது உண்மைதான். ஆனால் யோகா செய்தால் சேலையில் பெட்ரோல் வாசம் எப்படி வரும் என்று நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

ஜூலை 6, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் ரேணுகாதேவி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கழுவித் துடைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து முறையாக அனுப்ப வேண்டுமென்று எட்டு மணிக்கே ஆரம்பித்தேன். போர்ட்டிகோவுக்குள் கழுவ இடம் போதாது. வண்டியை ஸ்டார்ட் செய்து, பத்தடி வெளியே எடுத்து, ஆஃப் செய்தேன்.

ஆமாம். நான்தான். பிரியாணிக் கடைக்காரரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவன்தான். ஏதோ கைப்பழக்கத்தில் நடந்துவிட்டது. இருபத்தேழு வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பழக்கம் என் கைக்கு இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

டாக்டர் வந்தார், மாலை போட்டோம், சாவியைத் திருகினார். கிர்ர். மறுபடி, கிர்ர். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஈரத் தரையையும், போர்ட்டிகோவையும், நடுவில் உள்ள பத்தடியையும் பார்த்தார். புரிந்துகொண்டார். என் மானம் அந்தப் பத்தடியில் பரந்து கிடந்தது.

ஜமால் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. நானே பானெட்டைத் திறந்தேன். ஸ்பானரை எங்கே வைத்தேனென்று தெரியவில்லை. தடவித் தடவித் தேடுகிறேன், "உங்க எடது கைக்குப் பக்கத்துலதான் சார்" என்கிறார் டாக்டர். அப்போதும் அகப்படவில்லை.

"நகருங்க" என்றாள் கோகிலா.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள். ஸ்பானரை எடுத்தாள். கீழ்ப் பிளக் இரண்டையும் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "டாக்டரம்மா, இந்த டார்ச்ச சித்தே புடிங்க" என்றாள். ஓட்டைக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டாள், அளவுகூட சரியாக விட்டாள். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். டக்கென்று சரியான பள்ளத்தில் போய் உட்கார்ந்தது அந்தக் கொக்கி, தேயவேயில்லை. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துச் சாவியைத் திருகினாள்.

கிர்ர், கிர்ர், கிர்ர், பட்டென்று ஒரு வெடி, அப்புறம் அந்தச் சத்தம், எனக்குத் தெரிந்த சத்தம். தெரு முழுக்க வெள்ளைப் புகை. கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். கோகிலா அணைக்கவில்லை. சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலருகே போய்க் குனிந்தேன். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

"ஜமால் அண்ணன். நீங்க ரேஸ்கோர்ஸ் போன பொறவு ஓட்டிப் பழகினனுங்."

"யோகா?"

"இதுதான் யோகா."

"லைசென்சு?"

"சித்திரையிலயே வாங்கியாச்சு. மாசி மாசம் நீங்க அந்த டிவிஎஸ்காரன இடிக்கப் பாத்தீங்களே, அன்னைக்கே டிரைவிங் ஸ்கூல்ல போயி பேரு குடுத்துட்டன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

அவ்வளவுதான். முப்பது வருடமாகத் துண்டித்து வைத்திருந்த லைன் மறுபடி கிடைத்தது போலக் கொட்டிவிட்டாள்.

"நானா சொல்லோணும்? நீங்க கேக்கோணுமுங்க! பிரியாணிக்காரருக்கு சாவி குடுத்தீங். முன்னபின்ன தெரியாத டாக்டரம்மாவுக்கு சாவி நீட்டுனீங். ஊர்ல போறவன் வாறவனுக்கெல்லாம் குடுத்தீங்ளே, இருவத்தேழு வருசத்துல ஒருநா, ஒரே ஒருநா, 'கோகிலா, இந்தா புடி'ன்னு எனக்குக் குடுத்தீங்ளா? பரீட்சைக்குக்கூட என்னைக் கூப்புடலயே நீங்க!"

உண்மையில் அந்த யோசனையே எனக்கு வந்ததில்லை. பிரியாணிக்காரர் கையில் சாவி இருந்ததை நினைத்தேன், வெட்கமாகிவிட்டது.

டாக்டர் ரேணுகாதேவி டார்ச்சோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு இன்னொரு பயம் வந்தது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த அம்மா நாலு வருடம் காத்திருந்தவர். என்ன சொல்ல?

"டாக்டர், நான் உங்களுக்கு வாக்கு..."

"கம்முனு இருங்க சார்" என்றார். டார்ச்சை அணைத்தார். "ஆசையாத்தான் வந்தனுங்க. வயிறெரியாம இல்ல. ஆனா ஓட்டத் தெரிஞ்ச கைக்குத்தான் குடுப்பன்னு நீங்கதானே குழுவுல எழுதுனீங்க? அந்தக் கை உங்க வீட்டுலயே இருக்குது. உங்க வாக்க நான் திருப்பிக் குடுத்துட்டன். ஒண்ணு மட்டும், மாசத்துல ஒருநா நான் வந்து ஓட்டுவன். வேண்டாம்னு சொல்லப்படாது."

"தாராளமா வாங்க கண்ணு. சாப்பாட்டுக்கே வந்துருங்க" என்றாள் கோகிலா. என்னை யாரும் கேட்கவில்லை.

டாக்டர் கிளம்பிப் போனதும் இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்தோம். டீயை எனக்கு நேர் எதிரே வைத்தாள். அப்போது சொன்னேன்.

"பக்கம் தெரியறதில்ல கோகிலா. நேராப் பாத்தா எல்லாம் தெரியுது. ரண்டு பக்கமும் யாரோ தெரை கட்டுனாப்புல இருக்குது. போனது போனதுதானாம், இருக்கறத மருந்து விட்டுக் காப்பாத்திக்கச் சொல்றாங்க."

"பக்கத்துல இருக்கறது எப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். எனக்கும் வந்துவிட்டது. சொட்டு மருந்து நேரம் ஆகிவிட்டதென்று அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய் எடுத்து வந்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். கோகிலா வலது பக்கம். நான் இடது பக்கம். இருபத்தேழு வருடத்தில் இந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அவள் தண்ணீர் பாட்டிலை எப்போதும் மடியில் வைத்துக்கொண்டு ஏன் வருவாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, வைக்க இடமே இல்லை.

மேட்டுப்பாளையம் வரை ஒழுங்காக வந்தேன். மலை ஏற ஆரம்பித்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "பஸ்ஸு வருது", "ஹாரன் அடி", "கியர மாத்து", "மாத்தாத". நான் பஸ் என்று கத்தியது ஒரு தேயிலை லாரி, அதுவும் நின்றுகொண்டிருந்த லாரி. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அவள் ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"மாமா" என்றாள். கோபம் உச்சிக்குப் போனால்தான் மாமா வரும். "உங்களுக்குப் பயமா இருக்குதா?"

"இருக்குது" என்றேன்.

"வண்டிக்கு ஏதாச்சும் ஆயிருமுன்னா?"

"இல்ல. இனிமேல் நான் எதுக்கு ஆவேன்னு."

அவள் முன் கண்ணாடியைத் துடைத்தாள். "பொள்ளாச்சி ரோட்டுல எனக்கு இன்னும் ஓவர்டேக் வராது. கார்புரேட்டர் எனக்குச் சுத்தமாப் புரியல. ஆயில் எத்தன ஊத்தோணும்னு ஜமால் அண்ணன் ஒண்ணு சொல்றாரு, உங்க நோட்டுல ஒண்ணு இருக்குது. இதெல்லாம் யாருகிட்டப் போயி நான் கேக்கறது, பிரியாணிக்காரருகிட்டயா?" என்றாள். கியரைப் போட்டாள். வண்டி அப்படியே வழுக்கிக்கொண்டு ஏறியது. அதற்குப் பிறகு நான் பேசவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கும்போது மட்டும் கொஞ்சம் அவசரம்.

குன்னூரில் மற்ற நாலு வண்டியும் முன்னாடியே வந்து வரிசையாக நின்றிருந்தன. எங்கள் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடிவந்தார்கள். வழக்கம்போல வலது பக்கக் கதவைச் சுற்றி நின்றுகொண்டார்கள், நான் இறங்குவேனென்று. கண்ணாடி கீழே இறங்கியது. கோகிலா.

திருச்சூர் வர்கீஸ்தான் முதலில் சுதாரித்தார். "சேச்சியா ஓட்டிட்டு வந்தது? சாருக்கு என்ன ஆச்சு? உடம்புக்கு சுகமில்லையா?"

ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்தது, முழங்கால் வலி என்று. நன்றாகத்தான் இருந்தது அந்தப் பொய், அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். இடது பக்கக் கதவைத் திறந்து இறங்கினேன். வண்டிக் கூரைக்கு மேலாக அவர்களை நேராகப் பார்த்துச் சொன்னேன்:

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்குது வர்கீஸ். இனிமே நான் ஓட்ட மாட்டேன். இது கோகிலா வண்டி."

முப்பத்தைந்து நாளாக இந்த நோட்டில்கூட நேராக எழுதாததைச் சொல்லி முடிக்க மூச்சு ஒன்றுதான் ஆனது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. வர்கீஸ் தொப்பியைக் கழற்றினார், எனக்கு அல்ல, அவளுக்கு.

கோகிலா இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முள் இறங்கட்டுமென்று பார்த்து, கொஞ்சம் வேகம் கொடுத்து, அப்புறம் அணைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன பாத்துட்டு நிக்கறீங்? வந்து கதவத் தொறந்து உடுங்க" என்றாள்.

சுற்றி வந்து திறந்துவிட்டேன்.